வாசலுக்குக் கேட்காத வாசிப்பு

சனிக்கிழமை இரவு சாப்பாடு முடிந்ததும், மறுநாள் ஆராதனையில் வாசிக்க வேண்டிய வேதப்பகுதியை எடுத்துக்கொண்டு உட்காருவேன். எங்கள் சபையில் 22 வருடங்களாக வேதபாடம் வாசிக்கிறேன். முதலில் மனதுக்குள் ஒரு முறை, பிறகு வாய்விட்டு மூன்று முறை. கேட்பதற்கு அம்மா இருக்கிறார். கண் பார்வை மங்கி, அச்செழுத்து தெரியாமல் போய் ஐந்து வருடங்கள் ஆகின்றன. அதனால்தானோ என்னவோ, நான் ஒரு சொல்லை விழுங்கினாலும் அவருக்குத் தெரிந்துவிடுகிறது.

அன்று கொடுக்கப்பட்டிருந்தது புதிய ஏற்பாட்டில் யாக்கோபு எழுதிய நிருபத்தின் இரண்டாம் அதிகாரம், முதல் 13 வசனங்கள். பலமுறை வாசித்த பகுதிதான். பொன்மோதிரமும் மினுக்குள்ள வஸ்திரமும் அணிந்த ஒருவர் ஆலயத்துக்குள் வருகிறார். கந்தை உடுத்திய ஏழை ஒருவரும் வருகிறார். முதலாமவரிடம், ‘ஐயா, நீர் இந்த நல்ல இடத்தில் உட்காரும்’ என்கிறார்கள். அடுத்தவரிடம், ‘நீ அங்கே நில்லு, அல்லது இங்கே என் பாதபடியண்டையிலே உட்காரு’ என்கிறார்கள். இரண்டையும் ஒரே சீராக, நல்ல தெளிவாக வாசித்து முடித்தேன்.

அம்மா கேட்டார்: “அந்த ‘நீ அங்கே நில்லு’ என்பதை ஏன் இவ்வளவு மரியாதையாகச் சொல்கிறாய்? பணக்காரனிடம் பேசிய குரலிலேயே ஏழையிடமும் பேசுகிறாய். அங்கே நடந்தது அதுவல்லவே.”

திரும்ப வாசித்தேன். இந்த முறை குரல் தானாகவே மாறியது. ‘ஐயா, நீர்… உட்காரும்’ என்று சொல்லும்போது உடம்பு சற்றுக் குனிகிறது. ‘நீ அங்கே நில்லு’ என்று சொல்லும்போது தாடை இறுகுகிறது. ஒரு வாக்கியத்துக்குள் ஒரே வாய் இரண்டு மனிதர்களை இரண்டு உயரத்தில் நிறுத்திவிடுகிறது.

பிற்பாடு எங்கள் போதகரிடம் இதைப்பற்றிக் கேட்டேன். கிரேக்க மூலத்தில் இந்த வேறுபாடு கிடையாது என்றார். பணக்காரருக்கும் ‘ஸு’தான், ஏழைக்கும் ‘ஸு’தான். ஒருமையில் இருவருக்கும் ஒரே சொல். ‘ஐயா’வும் அங்கே இல்லை. நம் மொழிபெயர்ப்பாளர்கள் அந்த ஒரே சொல்லைத் தமிழில் ஒருவருக்கு ‘நீர்’ என்றும் மற்றவருக்கு ‘நீ’ என்றும் பிரித்துக் கொடுத்திருக்கிறார்கள். மூலத்தை மீறிவிட்டார்கள் என்று சிலர் சொல்லக்கூடும். எனக்கு அப்படித் தோன்றவில்லை. யாக்கோபு கண்டிக்கிற பாவம் தமிழ் பேசுகிறவர்களிடம் எந்த இடத்தில் குடியிருக்கிறது என்று அவர்களுக்குத் தெரிந்திருந்தது. நம்மிடத்தில் அது நாற்காலிக்குப் போவதற்கு முன்பே வினைமுற்றுக்கு வந்துவிடுகிறது. ‘உட்காரும்’, ‘உட்காரு’. ஒரு மெய்யெழுத்துதான் வித்தியாசம்.

இதைக் கவனிக்கத் தொடங்கியபின் வேறு இடங்களும் கண்ணில் படுகின்றன. பிலாத்து இயேசுவிடம், ‘நீ யூதருடைய ராஜாவா’ என்று கேட்கிறான். இயேசுவோ அவனுக்கு ‘நீர் சொல்லுகிறபடி’ என்று பதில் சொல்லுகிறார். நியாயாசனத்தில் இருக்கிறவனுக்கு ‘நீர்’, கட்டப்பட்டு நிற்கிறவருக்கு ‘நீ’. நம் கர்த்தர் அந்த ‘நீ’யை வாங்கிக்கொண்டு நின்றார் என்பதை எத்தனை பெரிய வெள்ளி ஆராதனைகளில் வாசித்திருப்பேன்! ஒரு தடவைகூட என் காதில் அது விழவில்லை.

சபையில் வேதத்தை வாய்விட்டு வாசிப்பது பிரசங்கத்துக்கு முன்னால் இடம் நிரப்புகிற காரியம் அல்ல என்பதை நான் நெஞ்சாரச் சொல்ல விரும்புகிறேன். பாட்டுக் குழுவுக்கு வாரம் முழுவதும் பயிற்சி உண்டு. ஒலிபெருக்கிக்குத் தனி ஆள் உண்டு. வேதபாடம் மட்டும் ஆராதனை தொடங்க ஐந்து நிமிடம் இருக்கும்போது, “இன்றைக்கு நீங்கள் வாசித்துவிடுங்கள்” என்று எதிரே வருகிறவர் கையில் திணிக்கப்படுகிறது. வேறொரு ஊரில் ஒரு சபைக்குப் போயிருந்தபோது, நேரமாகிவிட்டது என்று பழைய ஏற்பாட்டுப் பாடத்தை அப்படியே விட்டுவிட்டார்கள். அறிவிப்புகள் மட்டும் கால் மணி நேரம் நடந்தன. எனக்கு அது இன்னும் ஆறவில்லை.

‘நான் வருமளவும் வாசிக்கிறதிலும் புத்திசொல்லுகிறதிலும் உபதேசிக்கிறதிலும் ஜாக்கிரதையாயிரு’ என்று தீமோத்தேயுவுக்குப் பவுல் எழுதுகிறார். இந்த வாசிப்பு தனியறையில் கண்ணால் வாசிப்பது அல்ல, சபை நடுவில் வாசிப்பது. ஏழு வருடத்துக்கு ஒருமுறை கூடாரப்பண்டிகையில் நியாயப்பிரமாணத்தை எல்லார் காதும் கேட்க வாசிக்கும்படி உபாகமம் 31-இல் மோசே கட்டளையிட்டார். ஆண்கள், பெண்கள், பிள்ளைகள், வாசல்களுக்குள் இருக்கும் அந்நியர் எல்லாரும் அந்தக் கூட்டத்தில் உண்டு. நெகேமியாவின் நாட்களில் எஸ்றா மரத்தால் செய்த பீடத்தின்மேல் நின்று விடியற்காலம் தொடங்கி நண்பகல் வரை வாசித்தார். அவருடன் இருந்தவர்கள் ‘தீர்க்கமாக வாசித்து, அர்த்தஞ்சொல்லி, வாசித்ததை அவர்களுக்கு விளங்கப்பண்ணினார்கள்’. ஜனங்கள் அழுதார்கள். அந்த அழுகைக்குக் காரணம் வாசிப்பைக் கேட்டதுதான். கி.பி. 155-ஐ ஒட்டி ஜஸ்டின் மார்ட்டிர் என்ற கிறிஸ்தவ அறிஞர் ரோமப் பேரரசருக்கு எழுதிய விளக்கத்தில், கிறிஸ்தவர்கள் ஞாயிற்றுக்கிழமை கூடும்போது அப்போஸ்தலரின் நினைவுக் குறிப்புகளையோ தீர்க்கதரிசிகளின் எழுத்துகளையோ நேரம் இருக்கும் வரை வாசிக்கிறார்கள் என்று சொல்லுகிறார். நேரம் இருக்கும் வரை!

வெளிப்படுத்தின விசேஷத்தின் முதல் அதிகாரத்தில் உள்ள ஆசீர்வாதத்தைப் பாருங்கள். ‘வாசிக்கிறவனும், கேட்கிறவர்களும்’ என்று இருக்கிறது. வாசிக்கிறவன் ஒருவன், கேட்கிறவர்கள் பலர். புத்தகம் ஒருவர் கையில், காதுகள் எல்லாரிடத்திலும். அப்படி ஒரு கூட்டத்தை மனதில் வைத்துத்தான் அந்த வாக்கியமே எழுதப்பட்டிருக்கிறது.

புதிதாக வாசிக்க வருகிற இளைஞர்களுக்கு நான் சொல்லிக்கொடுப்பது கொஞ்சம்தான். அதிகார எண்ணையும் வசன எண்ணையும் நம்பி நிறுத்தாதீர்கள். அதிகாரப் பிரிவு 13-ஆம் நூற்றாண்டில் வந்தது. புதிய ஏற்பாட்டின் இன்றைய வசன எண்கள் 1551-இல் ராபர்ட் எஸ்தியேன் என்ற அச்சுக்காரர் போட்டவை. பவுலுக்கு அவை தெரியாது. கருத்து எங்கே முடிகிறதோ அங்கே நிறுத்துங்கள். நம் பழைய தமிழ் வேதாகமத்தில் மேற்கோள் குறிகள் கிடையாது. முக்காற்புள்ளி வந்தால் யாரோ பேசத் தொடங்குகிறார்கள், ‘என்றான்’, ‘என்றார்’ வந்தால் முடிக்கிறார்கள். நடுவில் பேசுகிறவர் யார் என்பது குரலில்தான் தெரியவேண்டும். அதற்காக நாடகம் போடக்கூடாது. ஏரோதுக்கு ஒரு குரல், மரியாளுக்கு ஒரு குரல் என்று இறங்கிவிட்டால் ஜனங்கள் வாசிக்கிறவரைத்தான் பார்ப்பார்கள். பெயர்களை முந்தின நாளே நாக்குக்குப் பழக்குங்கள். ரோமர் 16-இல் வரும் திரிபேனாளும் திரிபோசாளும் கர்த்தருக்குள் பிரயாசப்பட்டவர்கள். அவர்கள் பெயரில் தடுக்கிச் சிரிப்பது அவர்களுக்குச் செய்கிற நியாயம் அல்ல.

பழைய சொற்களின் பொருளையும் தேடிக்கொள்ள வேண்டும். யாக்கோபு 2:4-இல் ‘தகாத சிந்தனைகளோடே நிதானிக்கிறவர்களாயிருப்பீர்களல்லவா’ என்று வருகிறது. நிதானம் என்றால் இன்று நமக்குப் பொறுமை, பதற்றமின்மை. அங்கே அதன் பொருள் எடைபோட்டுத் தீர்ப்புச் சொல்லுவது. வாசிக்கிறவருக்கே இது தெரியாவிட்டால் அந்த வாக்கியம் காற்றோடு போய்விடும்.

மறுநாள் ஆராதனையில் வாசித்தேன். அம்மா சொன்னபடியே வாசித்தேன். ‘நீ அங்கே நில்லு’ என்று சொல்லி முடித்தபோது கண்ணை உயர்த்தினேன். எதிரே கடைசி வரிசைக்கும் பின்னால் கதவு திறந்திருந்தது. வெளியே ஒருவர் நின்றுகொண்டிருந்தார்.

எங்கள் ஆலயத்தைத் திறந்து பூட்டுகிறவர் அவர். பெருக்குவார், நாற்காலிகளைப் போடுவார், ஆராதனை நேரத்தில் வெளியே வண்டிகளைப் பார்த்துக்கொள்வார். 11 வருடங்களாக இருக்கிறார். என்னைவிட ஆறு வயது மூத்தவர். நான் அவரை ‘நீ’ என்றுதான் கூப்பிட்டு வந்திருக்கிறேன். அவர் என்னை ‘ஐயா, நீங்கள்’ என்பார். நான் அவரைக் கடிந்து பேசியதில்லை, ஏமாற்றியதில்லை. பண்டிகை நாட்களில் மறக்காமல் ஏதாவது கொடுத்திருக்கிறேன். ஆனால் 11 வருடங்களாக ஞாயிறுதோறும் அவரிடம் யாக்கோபு எழுதிய அந்த இரண்டாம் வாக்கியத்தில்தான் பேசியிருக்கிறேன். என் சொந்தக் குரலில் சபை கேட்க அதை வாசித்துவிட்டு நிற்கும்போதுதான் எனக்கு அது தெரிந்தது.

மீதி பத்து வசனங்களை எப்படி வாசித்தேன் என்று நினைவில்லை.

அடுத்த வாரம் சீக்கிரமே போனேன். அவர் நாற்காலிகளைத் துடைத்துக்கொண்டிருந்தார். “சாப்பிட்டீர்களா?” என்று கேட்டேன். அவர் நிமிர்ந்து பார்த்தார். கையிலிருந்த துணியை மடித்தார். “ஐயா, நான் ஏதாவது தப்பு செய்துவிட்டேனா?” என்றார்.

அந்தக் கேள்விக்கு நான் ஆயத்தமாக வரவில்லை. திடீரென்று வந்த ‘நீங்கள்’ அவர் காதுக்குக் கோபம்போல, ஆளை எட்டி நிறுத்துவதுபோல ஒலித்திருக்கிறது. வேலையை விட்டு நீக்கப்போகிறவர்கள் இப்படி மரியாதையாகப் பேசத் தொடங்குவார்கள் என்று பிற்பாடு ஒருநாள் அவரே சொன்னார். நான் உட்கார்ந்து, யாக்கோபு இரண்டாம் அதிகாரத்தைத் திறந்து, அந்த ஒரு வசனத்தை அவருக்கு வாசித்துக் காட்டினேன். “இதில் நான் யார் என்று போன வாரம்தான் கண்டுகொண்டேன். மன்னித்துக்கொள்ளுங்கள் அண்ணே” என்றேன். அவர் ஒன்றும் சொல்லவில்லை. வெகுநேரம் அந்தப் பக்கத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

இதை இங்கேயே நிறுத்தியிருந்தால் என் மனச்சாட்சிக்கு ஒரு மருந்து கிடைத்ததோடு முடிந்திருக்கும். ஆனால் அந்த மாதம் எங்கள் வேதபாட வகுப்பில் 1 கொரிந்தியர் 11 வந்தது. அப்பமும் திராட்சரசமும் பங்கிடுகிற திருவிருந்து ஞாயிறுகளில் 23-ஆம் வசனத்திலிருந்துதான் நாங்கள் வாசிப்போம்: ‘கர்த்தராகிய இயேசு தாம் காட்டிக்கொடுக்கப்பட்ட அன்று இராத்திரியிலே…’ அதற்கு முன்னால் இருப்பதைச் சபையில் வாசித்து நான் கேட்டதே இல்லை. அன்று 17-ஆம் வசனத்திலிருந்து 34 முடிய ஒரே மூச்சாக வாசித்தோம். ‘ஒருவன் பசியாயிருக்கிறான், ஒருவன் வெறியாயிருக்கிறான்.’ வெறி என்றால் இங்கே குடிவெறி. ‘தேவனுடைய சபையை அசட்டைபண்ணி, இல்லாதவர்களை வெட்கப்படுத்துகிறீர்களா?’ கடைசியில் பவுல் சொல்லும் கட்டளை எவ்வளவு எளிமையானது: ‘ஒருவருக்காக ஒருவர் காத்திருங்கள்.’

தகுதியில்லாமல் பங்குபெறுவதைக் குறிக்கிற ‘அபாத்திரமாய்’ என்ற சொல்லைக் கேட்டுப் பயந்து, தங்கள் மனதில் வந்த ஏதோ ஒரு நினைவுக்காகப் பந்திக்கு வராமல் உட்கார்ந்துவிடுகிற எத்தனையோ நல்ல ஆத்துமாக்களை நான் அறிவேன். தன்னைத்தான் சோதித்தறியவேண்டும், அது உண்மைதான். ஆனால் கொரிந்துவில் பவுல் கண்ட அபாத்திரம் அந்தப் பந்தியில் ஏழைகள் நடத்தப்பட்ட விதம். முன்வசனங்களை வெட்டிவிட்டு வாசித்ததால், கூச்ச சுபாவமுள்ளவர்கள் பயந்தார்கள், பயப்பட வேண்டிய நாங்கள் நிம்மதியாகப் போய்ப் பங்குபெற்றோம். இதை எழுதும்போதும் எனக்கு மனம் கனக்கிறது.

வகுப்பில் போதகர் இன்னொன்றும் காட்டினார். ‘கர்த்தருடைய சரீரம் இன்னதென்று நிதானித்து அறியாததினால்’ என்று பவுல் எழுதும் இடத்திலும், ‘உங்களுக்குள்ளே பேதகம்பண்ணி’ என்று யாக்கோபு எழுதும் இடத்திலும் கிரேக்கத்தில் வருவது ஒரே வினைச்சொல்லாம். பிரித்துப் பார்ப்பது என்று பொருள். கர்த்தருடைய சரீரத்தைப் பிரித்தறியத் தவறுகிறவர்கள் ஒரு பக்கம், ஆட்களைப் பிரித்துப் பார்க்கிறவர்கள் ஒரு பக்கம். இரண்டும் எங்கள் ஒரே கூடத்தில், ஒரே ஞாயிற்றுக்கிழமையில் நடந்துகொண்டிருந்தன. கதவுக்கு வெளியே நிற்கிற அண்ணனிடம் அப்பமும் திராட்சரசமும் எப்போது போகும் என்று வகுப்பில் ஒரு பெண் கேட்டார். யாருக்கும் தெரியவில்லை. எல்லாம் முடிந்தபின் யாராவது அழைத்துக் கொடுப்பார்கள் என்று ஒருவர் சொன்னார். யார் கொடுப்பார்கள் என்று அவருக்கும் தெரியவில்லை.

அடுத்த கூட்டத்தில் இதைப் பேசினேன். அண்ணனையும் வேதபாடம் வாசிக்க அழைக்கலாம் என்றேன். மூத்தவர் ஒருவர், வாசிப்பு தடுமாறினால் ஆராதனையின் ஒழுங்கு கெட்டுவிடும் என்றார். நானே தீர்க்கமான வாசிப்பைப்பற்றி வருடக்கணக்காகப் பேசி வந்தவன். என் வார்த்தைகளையே எடுத்து எனக்குப் பதில் சொன்னார்கள். எனக்கு வாயடைத்துப்போயிற்று. ஆனாலும் மெதுவாக வாசிப்பது தீர்க்கத்துக்கு விரோதம் அல்ல, ஆயத்தமில்லாமல் வாசிப்பதுதான் விரோதம் என்று இப்போதும் நம்புகிறேன். யாரோடும் உட்கார்ந்து சனிக்கிழமை மூன்று முறை வாசிக்க நான் தயார்.

கூட்டத்துக்குப்பின் அண்ணனிடமே கேட்டேன். முன்னால் போய் நிற்க அவருக்கு விருப்பம் இல்லை. கூச்சத்தினால் மறுக்கிறார் என்று நினைத்து வற்புறுத்தினேன். அப்போது அவர் சொன்னார்: “வாசிக்கிறது இருக்கட்டும் ஐயா. எனக்கு முதலில் கேட்கட்டும். வாசல் பக்கத்து ஒலிபெருக்கி கெட்டுப்போய் ரொம்ப நாள் ஆகிறது. பாட்டு கேட்கும். நீங்கள் வாசிக்கிறது கேட்காது.”

எவ்வளவு நாள் என்று கேட்டேன். நாலு வருடம் இருக்கும் என்றார்.

யாக்கோபு இரண்டாம் அதிகாரத்தை நான் வாசித்தபோது அவர் அங்கே நின்றுகொண்டிருந்தார் என்று சொன்னேனே. ஒரு சொல்கூட அவருக்குக் கேட்டிருக்கவில்லை. அம்மா திருத்திக்கொடுத்த குரல், மாற்றிப் பேசிய தொனி எல்லாம் கடைசி வரிசையோடு நின்றுவிட்டன. ‘இந்த நிருபம் பரிசுத்தமான சகோதரர் யாவருக்கும் வாசிக்கப்படும்படி செய்யவேண்டுமென்று கர்த்தர்பேரில் ஆணையிட்டு உங்களுக்குச் சொல்லுகிறேன்’ என்று தெசலோனிக்கேயருக்குப் பவுல் எழுதினார். அந்த ‘யாவருக்கும்’ என்ற சொல்லின் கீழே நான் பல வருடங்களுக்கு முன்பே பென்சிலால் கோடு போட்டிருக்கிறேன்.

ஒலிபெருக்கியைச் சரிசெய்ய ஒரு மணி நேரம்கூட ஆகவில்லை. ஒரு கம்பி விட்டுப்போயிருந்தது. திருவிருந்துக்கு வாசலில் இருக்கிறவர்கள் உள்ளே வரும்வரை எல்லாரும் காத்திருப்பது என்று போதகர் தீர்மானித்தார். வெளியே வண்டிகளைப் பார்க்கிற வேலையை எங்களில் எட்டுப் பேர் முறைவைத்துப் பிரித்துக்கொண்டோம்.

போன ஞாயிறு என் முறை. ஒரு பிளாஸ்டிக் நாற்காலியைக் கதவோரம் போட்டுக்கொண்டு உட்கார்ந்தேன். உள்ளே மூன்றாம் வரிசையில் அண்ணன் இருந்தார். பிலேமோனுக்கு எழுதின நிருபத்தைக் கல்லூரிக்குப் போகிற ஒரு பெண் வாசித்தாள். இருபத்தைந்தே வசனங்கள், அதனால் முழுவதும் வாசிக்கச் சொல்லியிருந்தோம். தொடக்கத்தில், ‘உம்முடைய வீட்டிலே கூடிவருகிற சபைக்கும்’ என்று இருக்கிறது அல்லவா, ஓர் எஜமானுக்கு அவனுடைய அடிமையைக் குறித்து எழுதிய கடிதம் சபைக்கும் சேர்த்து எழுதப்பட்டது. ‘என்னை ஏற்றுக்கொள்வதுபோல அவனையும் ஏற்றுக்கொள்ளும்’ என்ற இடத்துக்கு அவள் வரும்போது ஒரு லாரி போயிற்று. எழுந்து கதவுக்குள் தலையை நீட்டினேன். அதற்குள் அவள் அடுத்த வசனத்துக்குப் போயிருந்தாள்.

ஆராதனை முடிந்து வெளியே வந்த அண்ணனிடம், அந்த இடத்தை எப்படி வாசித்தாள் என்று கேட்டேன். அவர் அவசரப்படாமல், நின்று, எனக்குச் சொல்லிக்காட்டினார்.